ஐம்பது நிமிடத் தூரம்

கோரோக் விமான நிலையத்தின் டிக்கெட் ஜன்னலில் நான் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கும். கோரோக் – துஷான்பே, 263 கிலோமீட்டர், 50 நிமிடம். எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆகாயத்தில் ஏறிவிட்டால் ஐம்பது நிமிடம்தான். ஏறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எழுத அந்தப் பலகையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் விமானம் மலைகளுக்கு மேலே பறக்காது, நடுவே பறக்கும். ஆற்றின் போக்கிலேயே வடக்கே போய், ருஷானுக்கு அப்பால் இரண்டு சிகரங்களுக்கு இடையே இருக்கிற ஒரு சந்தில் நுழைந்து வெளியே வரவேண்டும். அந்த இடைவெளியை நாங்கள் ஜன்னல் என்போம். தினமும் காலையில் ருஷானிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார். திறந்திருக்கு. அல்லது, மூடியிருக்கு. அந்த ஒரு வார்த்தைக்காக முப்பது பேர் மூட்டை முடிச்சோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

கோடையில் பொறுமை இல்லாதவர்கள் சாலை வழியாகப் போய்விடுவார்கள். குளிர் வந்து கணவாய் மூடிவிட்டால் அதுவும் கிடையாது. லாரி பிடித்துக் கிழக்கே ஓஷ் வரைக்கும் மூன்று நாள் போய், அங்கிருந்து வேறு விமானத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மேற்கே இருக்கிற ஊருக்குக் கிழக்கே பார்த்துக் கிளம்பவேண்டும். அந்த வழியில் போனவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சில நாட்களுக்குத் திசை தெரியாதவர்கள் மாதிரிதான் பேசுவார்கள்.

எண்பத்து மூன்றாம் வருட நவம்பரில், பதினாறாம் தேதி, நியாஸ்மோ வந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். பூவேலை செய்த கம்பளிக் காலுறை, கையில் ஒரு மூட்டை, அதில் ரொட்டியும் உலர்ந்த மல்பெரியும்.

“அக்கா, இன்னைக்கு பிளேன் உண்டா?”

“மூடியிருக்காம். நாளைக்கு வந்து பாரும்மா.”

“சரிக்கா.”

வேறு யாராக இருந்தாலும் என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் நகர்வார்கள், மேகத்தை நான்தான் இழுத்துவிட்டேன் என்பது போல. இவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மூட்டைகளை எடை போடுகிற குர்பான்ஷோவும் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன தங்கச்சி, பிளேன் இல்லன்னா ஊரே ஒப்பாரி வைக்குது. உனக்கு மட்டும் கல்யாணச் சேதி வந்தாப்பல இருக்கே?”

“உங்க மீசையைப் பாத்தேன், சிரிப்பு வந்துச்சு” என்றாள் அவள். குர்பான்ஷோ அன்று முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவள் புருஷன் இமாத்ஷோவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் குரல் தெரியும். நகரத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிறவன். பத்தொன்பது வயதில் சாலைக்குப் பாறை உடைக்கப் போய், வெடி முன்னதாகவே வெடித்து, கல் தெறித்து ஒரு கண் அடியோடு போயிற்று. இன்னொன்றில் வெள்ளை படர்ந்து மறைத்துவிட்டது. ‘ஹலோ’ என்று நாம் பாதி சொல்வதற்குள் பெயரைச் சொல்லிவிடுவான். எனக்கு ஜலதோஷம் பிடித்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். பார்வை போய் ஐந்து வருடம் கழித்துத்தான் நியாஸ்மோவைக் கட்டினான். ஏழு வருடமாக அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் தலைநகர் துஷான்பேயிலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவர் அவன் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளையை எடுத்துவிடலாம் என்றாராம். கணவாய் மூடுவதற்குள், அங்கேயே குடியிருக்கிற சித்தப்பா மகனோடு அவன் துஷான்பே போய்விட்டான். கண்ணை அறுத்துக் கட்டுப் போட்டார்கள். இருபத்தொன்றாம் தேதி கட்டு அவிழ்ப்பு, நீ வா என்று தந்தி வந்திருந்தது.

இதையெல்லாம் அவள் மூன்றாம் நாள் சொன்னாள். வெளியே மேகம் ஓடுபாதை வரைக்கும் இறங்கியிருந்தது. ஆறு தெரியவில்லை, அக்கரை ஆப்கானிஸ்தானும் தெரியவில்லை. சத்தம்கூட எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது போல இருந்தது. கூடத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவளை என் அறைக்குள் கூப்பிட்டு, உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். ரொட்டியைப் பிய்த்து அதில் போட்டுக்கொண்டு, அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“அவருகிட்டதான். கல்யாணமாகி மூணாம் நாள், உன் கண்ணு என்ன நிறம்னு கேட்டாரு. நீலம்னுட்டேன்.”

அவள் கண்ணைப் பார்த்தேன். நல்ல பழுப்பு. எங்கள் ஊர்ப் பசுவுக்கெல்லாம் அதே கண்தான்.

“ஏண்டி அப்படிச் சொன்னே?”

“என் தங்கச்சி ஜேபோவுக்கு நீலம்க்கா. சின்ன வயசுலேருந்து வீட்டுக்கு யாரு வந்தாலும் அவ கண்ணைத்தான் பேசுவாங்க. எனக்கும் ஒரு தடவை அது வேணும்னு இருந்துச்சு. கேக்கறவருக்குப் பார்வை இல்ல. வாய்ல வந்துடுச்சு.” ரொட்டியைக் கரண்டியால் அமுக்கினாள். “அப்புறம் அவரு அதை விடவே இல்ல. குளத்துப் பக்கம் போனா, இந்தத் தண்ணி உன் கண்ணு மாதிரி இருக்குமான்னு கேப்பாரு. ஏழு வருஷம்க்கா. எந்த நாள்ல போயி அது இல்லன்னு சொல்றது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“இதுக்கா பயப்படறே? பாத்தா சிரிச்சிட்டுப் போறாரு.”

“கண்ணு மட்டும்னா சரி. கண்ணை வெச்சு அவரு ஒரு முகமே பண்ணி வெச்சிருக்காரு. அவர் விரலால என் மூக்கைத் தொடறப்போ எனக்குத் தெரியும், அவரு தொடறது வேற ஒருத்தியை.” தேநீரைக் குடித்து முடித்தாள். “பிளேன் வரணும்னும் இருக்கு, வரக்கூடாதுன்னும் இருக்கு.”

பத்தொன்பதாம் தேதி மூடியிருந்தது. இருபதாம் தேதியும் அப்படியே. இருபத்தொன்றாம் தேதி காலை ருஷான்காரர் கூப்பிட்டு, “திறந்திருக்கு, ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல” என்றார். அவர் நம்பிக்கையை யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு விமானம் வந்து இறங்கியது, ஏற்றிக்கொண்டது, பதினொன்றே காலுக்குக் கிளம்பியது. நியாஸ்மோ ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது அவள் சொன்னது.

இடது பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாளாம். மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள், ஆனாலும் மலை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கைக்குப் பக்கத்திலேயே பாறை. பாறையின் மேல் ஒரு காட்டாடு நின்று அவளைப் பார்த்தது, அது நகரவில்லை, விமானம்தான் நகர்ந்தது. அக்கரையில் ஒரு வீட்டுக் கூரையில் சிவப்பு முக்காடு போட்ட ஒருத்தி பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அவளை இனி ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது என்று நியாஸ்மோவுக்கு ஏனோ அழுகை வந்ததாம். அப்புறம் இரைச்சல் பழகிப்போய் மௌனம் போல ஆகிவிட்டது. கீழே சாலை கிடந்தது, நூல் அவிழ்ந்து விழுந்தது போல. அந்தச் சாலையில் எங்கேயோதான் அவன் கண் போயிற்று. எந்த வளைவு என்று தேடினாள். எல்லா வளைவும் ஒன்றுபோல இருந்தன.

பிறகு முன்னால் வெள்ளைக் கம்பளத்தைத் தொங்கவிட்டது போல மேகம் நின்றது. விமானம் அதன் அருகில் போய், ஒரு நிமிடம் யோசிப்பது போலச் சாய்ந்து, சுற்றித் திரும்பியது. ஜன்னல் முழுவதும் மலை வந்தது, பிறகு ஆறு வந்தது, பிறகு வானம். விமானி, “மூடிடுச்சு, திரும்பறோம்” என்று மட்டும் சொன்னார்.

“இருபது நிமிஷம் போனோம், இருபது நிமிஷம் வந்தோம். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாக்கா? நான் போய்ச் சேந்துட்டேன், பாத்துட்டேன், முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பறேன்னு. அவ்வளவு லேசா இருந்துச்சு. கீழ எறங்குனப்புறம்தான் இல்லன்னு உறைச்சுது.”

இறங்கியவர்களில் ஒரு பெரியவர் வழி முழுக்கத் தூங்கியிருக்கிறார். பனியில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “டிராலிபஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டார். துஷான்பேயில் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்து ஓடுகிற மின்சார பஸ் அது.

“டிராலிபஸ் நிக்காது பெரியவரே, கழுதைதான் நிக்கும். உங்களுக்கு வேணும்னா அதுக்குக் கம்பி கட்டித் தர்றேன்” என்றார் குர்பான்ஷோ. எல்லோரும் சிரித்தார்கள். நியாஸ்மோ மட்டும் மூட்டையின் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். துஷான்பேயில் அந்நேரம் கண்கட்டை அவிழ்த்திருப்பார்கள்.

இரண்டு நாளில் தந்தி வந்தது. தெரிகிறது, நீ வரவேண்டாம், முதல் விமானத்தில் நானே வருகிறேன். அதை அவள் நாலாக மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாம் தேதி வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ருஷான்காரர் வழக்கத்தை விட்டுவிட்டு, “திறந்தே கிடக்கு, திறந்தே கிடக்கு” என்று இரண்டு முறை சொன்னார். நியாஸ்மோ தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜேபோவின் கண் அந்த வெளிச்சத்தில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

விமானச் சத்தம் கேட்டதும் நியாஸ்மோ எங்கள் எல்லோரையும் பிடித்து நிறுத்தினாள்.

“யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பேசுனா குரலை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாரு. நான் யாருன்னு யாரும் காட்டிக்குடுக்காதீங்க.”

“எதுக்குக்கா இந்தக் கூத்து?” என்றாள் ஜேபோ.

“ஒரு நிமிஷம்டி. அவரு என்னைப் பாக்கறதுக்கு முன்னால, அவரு பாக்கறதை நான் பாத்துக்கறேன்.”

இமாத்ஷோ கடைசியாக இறங்கினான். பாட்டில் அடி போலக் கனத்த கண்ணாடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் நுனியால் ஒவ்வொரு படியையும் தடவித் தடவி வந்தான். கண் வந்துவிட்டது, காலுக்கு இன்னும் அது தெரியவில்லை. தரைக்கு வந்ததும் முதலில் மலையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்புறம் நாங்கள் நிற்கிற பக்கம் திரும்பினான்.

வரிசையாக நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். குர்பான்ஷோ மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். என் முகத்துக்கு வந்தான். பத்து வருடத்துக்கு மேலாக எனக்கு டெலிபோன் இணைப்புக் கொடுத்தவன், யாரோ ஒரு தடித்த பெண்பிள்ளை என்று கடந்து போனான். நியாஸ்மோ ஒரு கூடைக்காரிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தாள். அவளையும் பார்த்தான். கடந்தான்.

ஜேபோவிடம் வந்து நின்றுவிட்டான்.

அவன் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். கையை உயர்த்தினான். ஜேபோ உதட்டை இறுக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அது அவனுக்குப் புரியவில்லை. தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பதைக் கண் மறந்திருக்கும். அவளை நோக்கி நடந்தான். நடுவே, விமானத்தைக் கட்டுகிற கயிறு பனியில் பாதி புதைந்து கிடந்தது.

“கால்ல கயிறு! வலது பக்கம் வாங்க!”

கூடைக்காரிக்குப் பின்னாலிருந்து நியாஸ்மோ கத்திவிட்டாள். ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவன் உடம்பும் அப்படித்தான், யோசிக்கவே இல்லை, சட்டென்று வலது பக்கம் ஒதுங்கிவிட்டது. ஒதுங்கிய பிறகுதான் அவன் நின்றான். தலையை மெதுவாகத் திருப்பினான்.

கூடைக்காரி விலகிக்கொண்டாள்.

“நியாஸ்?”

“ம்.”

பக்கத்தில் வந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

“இது நீலம் இல்ல.”

“இல்ல.”

“நீலம்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“வேற என்னெல்லாம் பொய்?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “உங்க அம்மா வந்திருந்தப்போ சூப்புல உப்பை ரெண்டு தரம் போட்டது நான்தான். அவங்க இல்ல.”

குர்பான்ஷோ பொறுக்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தார். அதோடு எல்லோரும் சிரித்தோம். இமாத்ஷோ சிரிக்கவில்லை. ரொம்ப மெல்லிய குரலில், எங்களுக்குக் கேட்டுவிடுமே என்ற கூச்சம்கூட இல்லாமல் சொன்னான்:

“நான் ஏழு வருஷமா ஒருத்தியப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவளை இப்ப எங்க விடறது?”

பிறகு, தலை சுற்றுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முழங்கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். பழையபடியே இரண்டு பேரும் சாலையில் நடந்து போனார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை நியாஸ்மோ மட்டும் வந்து ஜன்னலில் நின்றாள். பழைய டிக்கெட்டை நீட்டினாள்.

“அக்கா, இது செல்லுமா? நான் பாதி தூரம்தானே போனேன்.”

“எதுக்குடி இப்ப துஷான்பே?”

“சும்மாதான். வீட்டுல அவரு கண்ணாடி போடறதே இல்ல. நான் பேசுனா கண்ணை மூடிக்கறாரு. கேட்டா, இப்படித்தான் நல்லாக் கேக்குதுங்கறாரு. ஒருத்தி கண்ணு முன்னால நிக்கறப்போ இன்னொருத்திகிட்ட பேசிக்கிட்டிருந்தா எவ்வளவு நாள் நிக்கறது? கோவத்துல மாவைத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிட்டு வந்துட்டேன். அந்த ஊரையாவது பாத்துட்டு வர்றேன்.”

விமானம் நின்றுகொண்டிருந்தது. சீட்டைப் பதிந்து கொடுத்தேன். அவள் வரிசையில் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு இமாத்ஷோ வந்தான். கண்ணாடி போட்டிருந்தான். புருவத்தில், காதில், கழுத்தில் எல்லாம் மாவு. ஊரிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக. முழங்காலில் ஒரு கிழிசல்.

நேராக என் ஜன்னலுக்கு வந்தான். “லோலா அக்கா?” என்றான், சந்தேகத்தோடு.

“நான்தான்.”

“நீங்க ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“மன்னிச்சுக்கோ தம்பி.”

“எனக்கும் ஒரு இடம் வேணும். அவ பக்கத்துல.”

இருந்தது. கொடுத்தேன். ஓடுபாதையில் அவன் அவளை எட்டிப் பிடித்ததையும், அவள் திரும்பிப் பார்த்து, கோபம் தீராமலே கையை நீட்டி அவன் புருவத்து மாவைத் தட்டிவிட்டதையும் ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாளே திரும்புவதாக இருந்தார்கள். ஜன்னல் மூடிக்கொண்டது. பதின்மூன்று நாள் திறக்கவே இல்லை. தலைநகரில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. காலையில் சித்தப்பா மகன் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வருவது, இல்லை என்று கேட்பது, திரும்புவது. மீதி நாள் முழுவதும் ஊர் சுற்றியிருக்கிறார்கள். தெரியாத ஊரில், தெரியாத கூட்டத்துக்கு நடுவில், அவனுக்குத் தெரிந்த முகம் அவள் ஒருத்திதான். சந்தையில் ஒரு தடவை கை விட்டுப்போய்விட்டதாம். அத்தனை தலைகளில் அவன் தேடியது பழுப்புக் கண்ணை. அவள்தான் இதைச் சொன்னாள், சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அந்த இன்னொருத்தி என்ன ஆனாள் என்று நான் கேட்டேன்.

“அப்பப்போ வருவாளாம். வந்தா எனக்கும் ஒரு வணக்கம் சொல்லச் சொல்லியிருக்கேன்” என்றாள்.

அவர்கள் வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறது. லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. தக்காளி மாதிரி இருக்கிற, நன்றாகக் கனிந்தால்தான் இனிக்கிற குர்மா பழம் நிறைந்த ஒரு மரப்பெட்டியை ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வேகமாக நடந்தாள், அவன் மெதுவாக நடந்தான், பெட்டி கோணிக்கொண்டு போயிற்று. பஸ்ஸா, நடையா என்று சண்டை. “நடந்தா பழம் நசுங்கும்.” “பஸ்ஸுலதான் நசுங்கும், நான் பாத்தேன்.” “ஆமா, பெருசா பாத்துட்டீங்க.”

எனக்கு இரண்டு பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். காயாக இருந்தன. டிக்கெட் ஜன்னலின் ஓரத்தில் வைத்தேன். அவை பழுத்துக் கனிவதற்கு ஜனவரி ஆயிற்று.